இறந்தவருக்கு ஒரு நூல், இருப்பவருக்கு?

அண்மையில் என் பாடசாலைத் தோழர் ஒருவரின் அந்தியேட்டிக் கிருத்தியத்துக்குச் சென்றிருந்தேன். மதிய போசனம் முடிந்து பந்தலை விட்டு வெளியேறும்போது, வெற்றிலைத் தட்டத்துக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்த கல்வெட்டுகளில் ஒன்றை அவருடைய மூத்த மகன் எடுத்து என் கையில் தந்தார். வழவழப்பான அட்டை, வர்ணப் படம், 72 பக்கங்கள். விநாயகர் துதி தொடக்கம் சிவபுராணம், கந்தசஷ்டி கவசம் ஈறாகப் பக்திப் பாடல்கள். பின்னர் வம்சாவளி, வாழ்க்கைக் குறிப்பு, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், இறுதியில் நன்றி நவிலல். குறை சொல்ல முடியாத அச்சு. எழுத்துப் பிழைகூட இரண்டுதான் கண்ணிற் பட்டன.

அவர் எப்படி இறந்தார் என்பது மாத்திரம் அந்த 72 பக்கங்களில் இல்லை.

அதை எனக்குச் சொன்னவர் அவருடைய மனைவி. "வாய்வு எண்டுதான் சொன்னவர் அண்ணை. உள்ளியும் இஞ்சியும் அவிச்சுக் குடுத்தனான். விடியக் காட்டுவம் எண்டு படுத்தவர்." அவ்வளவுதான். அவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. நெஞ்சில் ஒரு பாரம், இடது தோளில் உளைவு, வியர்வை. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது, விடிவதற்குள் முடிந்துவிட்டது. வீட்டில் தொலைபேசிகள் நான்கு இருந்தன. 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் கட்டணமின்றி நோயாளர் காவு வண்டி வரும் ஏற்பாடு 2018ஆம் ஆண்டிலேயே வடக்கிற்கு வந்துவிட்டது. எவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. ஏனெனில் அது மாரடைப்பு என்று எவருக்கும் தெரியவில்லை. வாய்வுக்கு யாராவது அம்புலன்சைக் கூப்பிடுவார்களா?

என் தோழர் எழுத்தறிவற்றவர் அல்லர். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். நாள்தோறும் இரண்டு பத்திரிகை வாசித்தவர். வீட்டில் இரண்டு அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருந்தவர். அன்று பிற்பகல் அந்த அலுமாரிகளின் முன்னால் நின்று பார்த்தேன். கவிதைத் தொகுதிகள், சிறுகதைத் தொகுதிகள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள், அரசியல் நூல்கள், பிறர் வீட்டுக் கல்வெட்டுகள். மனித உடலைப் பற்றி ஒரு நூல் இருந்தது. பேரப்பிள்ளையின் தரம் 10 விஞ்ஞானப் பாடநூல்.

இக்கட்டுரையை நான் இரங்கலாக எழுதவில்லை. குற்றச்சாட்டாகவே எழுதுகின்றேன். குற்றஞ் சாட்டப்படுவோர் வரிசையில் முதலாவதாக நிற்பவன் நான் என்பதையும் உரிய இடத்திற் சொல்லுவேன்.

நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சைப் பிளக்கும் வலி வராமற் போகலாம். நெஞ்சில் பாரம், இறுக்கம், நெஞ்செரிவு, தோளிலோ தாடையிலோ உளைவு, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாக் களைப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றாகவே அது வரலாம். சில நிமிடம் இருந்தும் அது போகவில்லையானால் கை மருந்து தேடாமல், விடியும் வரை காத்திராமல், வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நேரம் போகப் போக இதயத் தசை இறந்துகொண்டிருக்கும். இதை எழுத எனக்கு நான்கு வசனமும் ஐந்து நிமிடமும் போதுமாக இருந்தன. இந்த நான்கு வசனத்தை அந்த வீட்டுக்குள் கொண்டு சேர்க்க நம் எழுத்துலகத்தால் ஐம்பது ஆண்டுகளாக முடியவில்லை.

நூலகங்களில் நூல்களைப் பகுக்கும் தூயி தசாம்ச முறையை வாசகர் பலர் அறிந்திருப்பர். 200 சமயம், 300 சமூகவியல், அதற்குள் 370 கல்வி, 400 மொழி, 610 மருத்துவம், 800 இலக்கியம். நூலகர் என். செல்வராஜா ஈழத்துத் தமிழ் நூல்களைத் தேடித் தேடிப் பதிந்து 2002ஆம் ஆண்டு முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் 'நூல்தேட்டம்' இவ்வொழுங்கிலேயே அமைந்தது. தொகுதி ஒன்றுக்கு ஆயிரம் நூல்கள். அவர் செய்திருப்பது ஒரு திணைக்களம் செய்ய வேண்டிய வேலை. ஏதாவது ஒரு தொகுதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, விரலாற் பக்கங்களின் தடிப்பைத் தடவிப் பார்த்தாலே போதும். 800 வீங்கிப் போயிருக்கும். 610 மெலிந்து கிடக்கும்.

கல்வி என்ற பகுப்புக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் பரீட்சை. புலமைப்பரிசிலுக்கு வழிகாட்டி, கடந்தகால வினாத்தாளும் விடையும், ரியூட்டரிக் குறிப்புகளின் கட்டிய வடிவம். பிள்ளை ஏன் கற்க மறுக்கிறது, அடிக்கப்படும் பிள்ளையின் மனத்தில் என்ன நிகழ்கிறது, வாசிப்பதற்குத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்று நாம் ஏன் முத்திரை குத்துகிறோம் என்று பெற்றோருக்கு எழுதப்பட்ட நூல்கள் எத்தனை? மொழி என்ற பகுப்புக்குள் இலக்கணமும் பெருமையும் உண்டு. தமிழ் மட்டுமே தெரிந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் சிங்களம் மட்டுமே தெரிந்த வைத்தியரிடம் தம் வயிற்று நோவை எப்படிச் சொல்கிறார் என்பது பற்றி எழுத மொழிப்பற்றாளர்களுக்கு நேரம் கிடைத்ததில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி என்றது. எழுதிய சட்டம் நோயாளியின் கட்டிலருகே இன்னமும் வந்து சேரவில்லை.

'நம் மொழியில் இவையெல்லாம் எழுத முடியாதே' என்று சொல்வோர் இன்றும் உளர். அவர்களை மானிப்பாய்க்கு வரும்படி அழைக்கின்றேன்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலிருந்து 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த இளைஞர் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். வந்தபோது அவருக்கு வயது 25. மானிப்பாயில் வைத்தியப் பணியையும் வைத்தியக் கல்வியையும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தமிழுக்கு மாறினார். அந்த மாற்றத்திற்கு அவர் கண்ட நியாயம் இன்றைக்கும் உறைக்கக் கூடியது. ஆங்கிலத்திற் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். தமிழிற் படித்தவர்கள் கிராமத்தில் இருப்பார்கள். அவர் சொன்ன நோய்க்கு நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் நாம் பரிகாரம் காணவில்லை.

கற்பிக்க நூல் வேண்டுமே. எழுதினார், மொழிபெயர்த்தார், தம் மாணவரைக் கொண்டு மொழிபெயர்ப்பித்தார். 1857இல் பிரசவ வைத்தியம் பற்றிய நூல், 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்'. இவற்றுள் 'மனுஷ அங்காதிபாதம்' என்பது உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் புரட்டும் கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழ் வடிவம். அம்மூல நூல் லண்டனில் முதன்முதல் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில் தமிழில் வந்துவிட்டது. விமானம் இல்லை, தொலைபேசி இல்லை, கணினி இல்லை. கப்பலில் வந்த நூல், கையால் எழுதி, எழுத்தெழுத்தாகக் கோத்து அச்சிடப்பட்டது. அந்த மொழிநடை இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். வடசொல் மிகுதி என்று முகஞ் சுளிக்கலாம். அந்நடையிற் படித்தவர்கள் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் எலும்பு பொருத்தினார்கள், பிரசவம் பார்த்தார்கள். தூய தமிழில் நாம் என்ன பொருத்தினோம்?

கிறீன் மதம் பரப்ப வந்தவர்தானே என்று ஒரு குரல் எழும். ஆம், மிஷனரிதான். மருந்தோடு மதமும் கொடுத்தவர். அவருடைய மதத்தை ஏற்காதவர்கள் அவருடைய முறையையாவது ஏற்றிருக்கலாமே. ஆறுமுக நாவலர் அதைத்தான் செய்தார். மிஷனரிமாரின் மதத்தை எதிர்த்தவர், அவர்களுடைய அச்சியந்திரத்தையும் பாடசாலையையும் வசன நடையையும் எடுத்துக்கொண்டு பாலபாடங்கள் எழுதினார். எதிரியிடமிருந்து கருவியைக் கற்றுக்கொள்ளும் தெளிவு அவரிடம் இருந்தது. அவருக்குச் சிலை வைத்த நம்மிடம் அது இல்லை.

இரண்டாவது வாய்ப்பும் நமக்குக் கிடைத்தது. 1945இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டு வந்த பின்னர் தாய்மொழிக் கல்வி படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு ஏறியது. அரசகரும மொழித் திணைக்களமும் அதன் பின் கல்வி வெளியீட்டுத் திணைக்களமும் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டன, பாடநூல்களை ஆக்குவித்தன. ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று நாம் இன்றும் எழுதுவது அந்த உழைப்பின் விளைவு. அதனாற்றான் பல தலைமுறை மாணவர் உயிரியலையும் இரசாயனவியலையும் பௌதிகவியலையும் உயர்தரம் வரை தமிழிலேயே கற்க முடிந்தது. தமிழகத்து நண்பர்கள் என்னிடம் வியந்து பேசிய விடயம் இது.

ஆனால் அந்த வாய்க்கால் எங்கே போய் முடிந்தது? பரீட்சை மண்டபத்தில். தமிழில் உயிரியல் கற்று மூன்று ஏ சித்தி பெற்ற பிள்ளை மருத்துவ பீடத்துக்குள் கால் வைத்த அன்றே ஆங்கிலத்துக்குள் போய்விடுகிறது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மருத்துவம் உலக மொழியிற் கற்கப்படட்டும். என் ஆட்சேபம், போன பிள்ளை திரும்பி வராதது பற்றியது. பதின்மூன்று ஆண்டு தமிழில் விஞ்ஞானம் கற்றவர், வைத்தியராகி, விசேட நிபுணராகிய பின்னர், தாம் கற்றதில் ஒரு துளியையேனும் தம்மை வரி கட்டிப் படிப்பித்த மக்களின் மொழியில் எழுதவேண்டும் என்று எண்ணுவதில்லை. 'தமிழில் எழுத வராது' என்கிறார். உயர்தரத்தில் எப்படி எழுதினீர்கள் ஐயா?

விதிவிலக்குகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையாகாது. பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம் சமுதாய மருத்துவம் கற்பித்தவர். 'நந்தி' என்ற பெயரில் மலையக மக்களைப் பற்றி 'மலைக்கொழுந்து' நாவல் எழுதியவர். அவரே 'அன்புள்ள நந்தினி', 'நந்தினி உன் குழந்தை' என்று வீட்டுப் பெண்கள் வாசிக்கக்கூடிய சுகாதார நூல்களையும் எழுதினார். நாவலாசிரியர் நந்தியைப் பற்றிக் கருத்தரங்கு வைப்பவர்கள் இந்த நூல்களை ஒரு வரியிற் கடந்துவிடுகிறார்கள். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு 'மனவடு' எழுதினார். போர் மனிதரின் மனத்தை என்ன செய்யும் என்று அந்தப் போருக்குள் இருந்த மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே சொன்னார். இவ்விருவரும் செய்து காட்டிய பின்னரும் 'முடியாது' என்பது சோம்பலின் மறுபெயர்.

வெற்றிடம் வெற்றிடமாகவே இருப்பதில்லை. 610 காலியாகக் கிடந்தால் அதில் வேறொருவர் வந்து குடியேறுவார். நம் புத்தகக் கடைகளின் முன் வரிசையைப் பாருங்கள். எண் சோதிடம், வாஸ்து, இராசிக் கல், 'சர்வ ரோக நிவாரணி'. அவற்றுக்கும் மேலாக இன்று கையடக்கத் தொலைபேசியில் வந்து விழும் மருத்துவக் குறிப்புகள். எழுதியவர் பெயர் இல்லை, பொறுப்பில்லை, 'உங்கள் உறவுகளுக்குப் பகிருங்கள்' என்ற கட்டளை மாத்திரம் உண்டு.

2020ஆம் ஆண்டு டிசம்பரில் கேகாலைப் பக்கத்தில் நடந்ததை மறந்துவிட்டோமா? கொவிட் நோய்க்குத் தமக்குத் தெய்வம் அருளிய பாணி இது என்று ஒருவர் அறிவிக்க, உயிருக்குப் பயந்த மக்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்றனர். நாட்டின் சுகாதார அமைச்சரே அதைப் பலர் முன்னிலையில் அருந்தினார். அடுத்த மாதமே அவருக்கும் தொற்று ஏற்பட்டது. சிங்களவர்தானே அந்த வரிசையில் நின்றார்கள் என்று நம்மவர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டில் எந்தக் குடிநீர் கொதித்துக்கொண்டிருந்தது என்று நான் கேட்கவில்லை. அறிவில்லாமை இன வேறுபாடு பார்ப்பதில்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்று சிரிக்கக் கூடியதல்ல. கொவிட்டால் இறந்தவரின் உடலைப் புதைக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல் கூறியிருந்தது. இந்நாட்டில் 2020 ஏப்ரல் 11ஆந் திகதிய வர்த்தமானி எரித்தலைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் மாசடையும் என்று காரணம் காட்டப்பட்டது. முஸ்லிம் மக்களின் உடல்கள், பிறந்து இருபது நாளான சிசுவின் உடல் உட்பட, பெற்றோரின் மன்றாட்டத்தை மீறி எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி 25ஆந் திகதிதான் அந்த விதி மாற்றப்பட்டது. பின்னர் ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடந்தன. 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. பத்து மாதத்திற்கு மேல் நீடித்த கொடுமைக்கு முதற் காரணம் இனவாதம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த இனவாதம் விஞ்ஞானத்தின் வெள்ளைச் சட்டையை அணிந்து வந்தபோது, 'வைரசு என்பது உயிருள்ள கலத்துக்கு வெளியே பெருகாது, இது தண்ணீரால் பரவும் நோயல்ல' என்று எதிர்த்துச் சொல்லும் திராணி எத்தனை வாசகருக்கு இருந்தது? எத்தனை பத்திரிகையாளருக்கு இருந்தது? சுகாதார நூல் என்பது காய்ச்சலுக்குக் கைமருந்து சொல்வது மாத்திரமல்ல. அதிகாரம் பொய் சொல்லும்போது அதைப் பொய்யென்று அறிந்துகொள்ளும் குடிமகனின் ஆயுதமும் அதுதான்.

நம்பிக்கையின் மீது நான் வழக்குத் தொடுப்பதாக எவரும் கருத வேண்டாம். கல்வெட்டிலுள்ள சிவபுராணம் என் தோழரைக் கொல்லவில்லை. நம் நம்பிக்கைகளைப் பற்றியும் நாம் ஒழுங்காக எழுதவில்லை என்பதே என் வாதம். கொப்பளிப்பான் வந்தால் நம் பெண்கள் 'அம்மாள் வந்திருக்கிறா' என்பார்கள். வேப்பிலை செருகுவார்கள், நோயாளியைத் தனியறையில் வைப்பார்கள், வெளியார் வருகையைத் தடுப்பார்கள், நோய் இறங்கித் தண்ணீர் வார்க்கும் வரை பக்குவம் காப்பார்கள். தொற்று நோயாளியைத் தனிமைப்படுத்தல் என்பதை ஒரு சமூகம் தெய்வத்தின் பெயரால் கடைப்பிடித்திருக்கிறது. அதே வேளை, அம்மாள் கோபிப்பாள் என்று காய்ச்சல் முற்றும் வரை வைத்தியரிடம் போகாதிருந்து ஆபத்தை விலைக்கு வாங்கியோரும் உளர். இவ்வழக்கத்தில் எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று மரியாதையோடு பிரித்துக் காட்டும் ஒரு சிறு நூல் எங்கே? பகுத்தறிவாளர் எள்ளி நகையாடி எழுதுவார். பக்தர் மெய்சிலிர்த்து எழுதுவார். இரண்டிலும் அந்தத் தாய்க்கு உதவி இல்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம்.

'இந்தியாவிலிருந்து நூல்கள் வருகின்றனவே' என்பார்கள். வருகின்றன, நல்லனவும் வருகின்றன. ஆனால் அங்கே சர்க்கரை நோய், இங்கே நீரிழிவு. அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே காபனீரொட்சைட்டு. அங்குள்ள அரச வைத்திய முறை வேறு, இங்குள்ள கிளினிக் முறை வேறு, உணவு வேறு. புட்டும் சொதியும் இடியப்பமும் உண்ணும் நீரிழிவு நோயாளிக்குச் சப்பாத்திக் கணக்கால் என்ன பயன்? இரவல் சட்டை மானத்தைக் காக்கும், அளவுக்குப் பொருந்தாது.

'அரசாங்கம் துண்டுப் பிரசுரம் வெளியிடுகிறதே' என்பார்கள். வெளியிடுகிறது. பிற மொழியில் எழுதி, அவசரத்திற் பெயர்த்த தமிழ். தாய்மார் இருமுறை வாசித்தும் விளங்காமல், அதில் பிள்ளைக்குப் பயறு சுற்றிக் கொடுக்கிறார்கள்.

'எல்லாம் இணையத்தில் இருக்கிறது' என்பார்கள். இணையத்தின் பயனை நான் மறுக்கவில்லை. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் செயற்றிட்டம் நம் பழைய நூல்களை எண்ணிம வடிவிற் காத்துத் தருவதற்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆனால் இணையம் கிணற்றைப் போன்றது. ஊற்று இருந்தாற்றான் வாளியில் தண்ணீர் வரும். நாம் எழுதாத நூல் அங்கும் இருக்காது.

'விற்காது' என்பது வெளியீட்டாளரின் மறுப்பு. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விற்கிறது என்றா கவிதைத் தொகுதி போடுகிறோம்? முந்நூறு பிரதி அச்சிட்டு, மண்டபம் எடுத்து, மங்கல விளக்கேற்றி, நூலை வாசிக்காத ஐந்து பேரைப் பேசவைத்து, பொன்னாடை போர்த்தி, கடித உறையில் பணம் வைத்து வருவோருக்குச் சிறப்புப் பிரதி கொடுத்து, மிகுதியைக் கட்டிலுக்குக் கீழே வைக்கிறோம். கவிதையை நான் பழிக்கவில்லை. எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். நட்டத்துக்கு நாம் அஞ்சுபவர்கள் அல்லர் என்பதையே சுட்டுகின்றேன். கவிதைக்காக நட்டப்படத் தயாராக இருக்கும் சமூகம் கர்ப்பிணித் தாய்க்காக நட்டப்பட ஏன் தயங்குகிறது?

1981 ஜூன் முதலாந் திகதி இரவை ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. அந்தக் குற்றத்தை மறக்கவும் கூடாது, மன்னிக்க அவசரப்படவும் கூடாது. நானும் ஆண்டுதோறும் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன். இந்த வயதில் ஒன்றைச் சொல்லத் துணிகின்றேன். எரிக்கப்பட்ட நூல்களுக்குப் பிறர் பொறுப்பு. எழுதப்படாத நூல்களுக்கு நாமே பொறுப்பு.

இப்போது என் பங்கு.

1980களின் நடுப்பகுதியில் ஒரு பத்திரிகையின் வாரப் பதிப்புக்கு நான் பொறுப்பாக இருந்தேன். வைத்தியர் ஒருவர் வாரந்தோறும் அரைப் பக்கம் எழுதிவந்தார். நல்ல தமிழ், வீண் சொல் இல்லை. காகித விலை ஏறிப் பக்கம் குறைக்க வேண்டி வந்தபோது, எதை வெட்டுவது என்ற கேள்வி என் மேசைக்கு வந்தது. இராசிபலனா, மருத்துவமா? இராசிபலன் முன்னர் ஒரு வாரம் தவறியபோது தொலைபேசி ஓயவில்லை. நான் மருத்துவத்தை வெட்டினேன். 'வாசகர் விரும்புவதைத்தானே கொடுக்க முடியும்' என்று அந்த வைத்தியரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

பகுதி நின்ற பின்னர் மூன்று அஞ்சலட்டைகள் வந்தன. மூன்றே மூன்று. அதையும் என் தீர்மானத்துக்குச் சான்றாகக் காட்டினேன். அவற்றுள் ஒன்று ஹற்றன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. பென்சிலால் எழுதியிருந்தார் ஒரு தாய். தம் பிள்ளைக்கு வலிப்பு வருகிறதென்றும், வரும்போது கையில் இரும்புத் திறப்பைக் கொடுக்கும்படி அயலவர் சொல்கிறார்களென்றும், அது சரியா என்று டொக்டர் ஐயாவிடம் கேட்டுப் பத்திரிகையிற் போடும்படியும் கேட்டிருந்தார். அந்த அஞ்சலட்டையை நான் ஒரு கோவைக்குள் வைத்தேன். பதில் எழுதவில்லை. அந்தக் கோவை எங்கே என்று இன்று தெரியாது. அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று என்றும் தெரியாது.

இராசிபலனுக்கு நூறு பேர் தொலைபேசி எடுத்தார்கள், மருத்துவத்துக்கு மூவர் அட்டை போட்டார்கள் என்று கணக்குப் பார்த்தவன் நான். தொலைபேசி வைத்திருந்தவர் யார், அஞ்சலட்டைக்கு முத்திரை விலை பார்த்தவர் யார் என்று கணக்குப் பார்க்கவில்லை.

எனவே என் யோசனை எளியது. புதிய நிறுவனம் வேண்டாம், வெளிநாட்டு நிதி வேண்டாம், கருத்தரங்கு அறவே வேண்டாம். நம்மிடம் ஏற்கெனவே ஒரு பதிப்பகம் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இத்துணை ஒழுங்காக இயங்கும் பதிப்பகத்தை நான் கண்டதில்லை. ஒவ்வொரு சாவுக்கும், முப்பத்தொராம் நாளில், தவணை தவறாமல், நூற்றுக்கணக்கான பிரதிகளை இலவசமாக விநியோகிக்கிறது. அதுதான் கல்வெட்டு. அதிற் பதினாறு பக்கத்தை இருப்பவருக்கு ஒதுக்குங்கள். மாரடைப்பால் இறந்தவரின் கல்வெட்டில் மாரடைப்பைப் பற்றி, நீரிழிவால் காலிழந்து இறந்தவரின் கல்வெட்டில் பாதத்தைப் பேணுவது பற்றி, பாம்பு தீண்டி இறந்தவரின் கல்வெட்டில் பாம்புக்கடி பற்றி. உறவினருள் ஒரு வைத்தியர் இல்லாத குடும்பம் நம்மிடையே எத்தனை? அவர் எழுதட்டும், அல்லது எழுதியதைச் சரிபார்த்துப் பெயரிட்டுப் பொறுப்பேற்கட்டும். தமிழாசிரியர் ஒருவர் நடையைத் திருத்தட்டும். அறிவுநூல்களைக் கல்வெட்டோடு சேர்த்து அச்சிட்ட குடும்பங்கள் முன்னரும் இருந்திருக்கின்றன. ஆகவே சம்பிரதாயம் கெட்டுவிடும் என்று எவரும் கலங்கத் தேவையில்லை.

என் பிள்ளைகளிடம் நான் சொல்லிவிட்டேன். எனக்குரிய கல்வெட்டில் சிவபுராணம் இருக்கட்டும். என் அம்மா இருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பா. என் பத்திரிகைப் பணியைப் பற்றிய புகழுரை வேண்டாம். அந்த இடத்தில், பெயர் தெரியாத அந்தத் தாய்க்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதிலை அச்சிட வேண்டும். நாற்பது ஆண்டு தாமதமான அப்பதிலை, எனக்குத் தெரிந்த வைத்தியரிடம் காட்டிச் சரிபார்த்து, இங்கும் எழுதிவைக்கிறேன்.

அம்மா, இரும்பு வேண்டாம். திறப்பால் வலிப்பு நிற்காது, பிள்ளையின் கையிற் காயந்தான் வரும். வாய்க்குள் கரண்டியோ துணியோ விரலோ வைக்க வேண்டாம். தண்ணீர் பருக்க வேண்டாம். கைகால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். பக்கத்திலுள்ள கல்லையும் கூரான பொருளையும் அகற்றுங்கள், தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள், கழுத்துச் சட்டையைத் தளர்த்துங்கள். உதறல் தணியத் தொடங்கியதும் பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தெளியுமுன் மறுபடி வந்தாலோ, அதுதான் முதல் வலிப்பாக இருந்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இது பேயுமல்ல, சாபமுமல்ல, உங்கள் பிழையுமல்ல. மூளையில் வரும் ஒரு நோய். மருந்து உண்டு. ஒழுங்காக எடுத்தால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வலிப்புக் கட்டுப்படும். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புங்கள்.